ஒரு ஷிப்டும் ஒரு பள்ளிக்கூடமும்

மே மாசம் முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. தோட்டத்து வேலை காரணமில்லை. வீடு ரெண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். பொழப்புக்காகப் பிரிந்தோம். என் வீட்டுக்காரியும் சின்ன மகளும் இப்போது திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். நான் மூலனூர்ப் பக்கம் ஆடு, மாடு, முருங்கையோடு இருக்கிறேன்.

ரெண்டு வருஷமாகவே போர்வெல் சரியாக ஊறவில்லை. முருங்கை நன்றாகக் காய்க்கிற சமயத்தில் விலை விழுந்துவிடும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. மூத்தவள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மழையைப் பார்க்காமல் வளர்கிறது. சித்திரையில் ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரிதான் பேச்சை எடுத்தாள். “ஏனுங்க, நான் பனியன் கம்பெனிக்குப் போறேனுங்க. எங்கண்ணன் செக்கிங் வேலை சொல்லி வெக்கறேன்னு சொல்லுது. ரெண்டு மூணு வருஷம் போனா கடனாவது தீருமுங்க.”

எனக்கு மறுத்துச் சொல்ல வார்த்தை இல்லை. சின்னவளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எட்டாவது முடித்து ஒன்பதாவது போகிற புள்ளை. அம்மாவை விட்டு ஒரு ராத்திரி தங்கினதில்லை. ஆக, அவளும் திருப்பூர் போவதென்று முடிவாயிற்று. அப்புறம் ஒரு மாசம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எந்தப் பள்ளிக்கூடம்?

மச்சான் திருப்பூர் போய் இருபது வருஷமாகிறது. அவர் குழந்தைகள் ரெண்டும் தனியார் மெட்ரிக் பள்ளிதான். “மாப்ள, டவுனுக்கு வந்துட்டு கவர்மெண்டு ஸ்கூல்ல சேத்தினா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? பீஸ் நாப்பதாயிரம், வேனு பன்னெண்டாயிரம். எப்படியாச்சும் கட்டிரலாம் உடுங்க” என்றார். நல்ல மனுசன், நல்லதுக்குத்தான் சொன்னார். வீட்டுக்காரிக்கும் அதில்தான் ஆசை. தான் பார்க்காத பள்ளிக்கூடத்தை மகளாவது பார்க்கட்டுமே என்று.

டி.சி. கேட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது டீச்சர் என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்து, நீட் தேர்விலும் தேறினால், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. 2020-ல் வந்த சட்டம் அது. அடுத்த வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிக் கணக்குதான். அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. பெண் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய். ஒன்றாவதிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை.

“உங்க பாப்பா டாக்டராவாளா, ஆபீசராவாளான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா இந்த வழியெல்லாம் அவளுக்குத் திறந்துருக்கு. நடுவுல ரெண்டு வருஷம் வேற பக்கம் போயிட்டு வந்தா அடைஞ்சுரும். தெரிஞ்சுட்டு முடிவு பண்ணுங்க” என்றார் டீச்சர்.

எனக்குப் பட்டா ஞாபகம்தான் வந்தது. விளையாத காடாக இருந்தாலும் பட்டா நம் பேரில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. எட்டாவது வரை படித்ததில் அந்தப் புள்ளை தனக்கென்று ஒரு பட்டா சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஆனாலும் சலுகையை மட்டும் வைத்துப் பள்ளிக்கூடம் தேட முடியாதே. மூணு பேரும் போய் மூணு பள்ளி பார்த்தோம்.

முதலாவது தனியார் பள்ளி. வாசல் எல்லாம் பளபளவென்று இருந்தது. பாப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு பரீட்சை வைத்தார்கள். அரை மணி கழித்து ஒரு அம்மா வந்து, “எட்டாவதுலயே இன்னொரு வருஷம் போடலாம், அப்பதான் பிக்கப் ஆவா” என்றார். எட்டாவதில் கணக்கில் 91 மார்க் எடுத்தவள். தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ரெண்டாவது, பேரும் ரிசல்ட்டும் உள்ள பெரிய அரசுப் பள்ளி. எல்லாம் நன்றாக இருந்தது, தூரத்தைத் தவிர. லைன் வீட்டிலிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும். சாயங்கால நெரிசலில் இந்தப் புள்ளை பஸ் ஏறி வீடு வர ஆறு மணிக்கு மேல் ஆகும்.

மூணாவது, வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ நடையில் இருக்கிற மாநகராட்சி மேல்நிலைப்பள்ளி. உள்ளே போவதற்கு முன்னால் எதிர்த்தாப்பில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, பள்ளி விடுகிற நேரம் பெண் பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், யாராவது வம்பு பேசிக்கொண்டு நிற்கிறார்களா என்று விசாரித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் விற்கிற ஆத்தாவிடமும் கேட்டேன். “பெரிய டீச்சரம்மா சாயங்காலம் கேட்டுலயே நிப்பாங்க சாமி. ஒருத்தன் நிக்க முடியாது” என்றது. உள்ளே போனதும் வீட்டுக்காரி ரிசல்ட் கேட்கவில்லை. “டீச்சர், பாத்ரூம் ஒரு தடவ பாக்கலாமுங்களா?” என்றாள். போய்ப் பார்த்தாள். தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. நான் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் இருக்கிறார்களா, இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். ரெண்டு பேரும் இருக்கிறார்கள். கிளாஸில் கூட்டம் அதிகம்தான். அதை அவர்களும் மறைக்கவில்லை.

அங்கேயே இன்னொரு கேள்வி வந்தது. “தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா? ரெண்டும் இருக்கு.” நான் மகளைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். “தமிழ்லயே இருக்கறேம்ப்பா. கணக்கும் சயின்ஸும் புரிஞ்சு படிச்சுருக்கறேன். இப்ப மாத்துனா எல்லாத்தையும் மறுபடியும் மனப்பாடம் பண்ணோணும். இங்கிலீஷ தனியாப் படிச்சுக்கறேன்.” காலேஜில் எல்லாம் இங்கிலீஷில்தானே இருக்கும் என்கிற பயம் அவள் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது. எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் படிக்கப் போகிறது அவள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்காரிக்கு ஒரு ஷிப்ட் கூலி 450 ரூபாய். அரை ஷிப்ட் 225. மாசம் இருபது நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 4,500 கூட வரும். வருஷத்துக்கு 54,000. தனியார் பள்ளி பீஸும் வேனும் சேர்த்து 52,000. அந்தப் பீஸைக் கட்ட வேண்டுமென்றால் அவள் ராத்திரி எட்டரை வரை கம்பெனியில் நிற்க வேண்டும். புள்ளை நாலரை மணிக்கு வந்து, முன்னப்பின்னத் தெரியாத லைன் வீட்டில் நாலு மணி நேரம் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

பேப்பரும் பென்சிலும் வைத்து இதை எழுதிக் காட்டினபோது மச்சானும் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரி கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டு, “நான் ஒரு ஷிப்டே பாக்கறேனுங்க. கடன் ஒரு வருஷம் சேத்தித் தீரட்டும்” என்றாள். வாங்காமல் விடுகிற அந்த அரை ஷிப்ட் கூலிதான் நாங்கள் மகளுக்குக் கட்டுகிற பீஸ். அதற்கு அவளுக்குக் கிடைப்பது, ஆறு மணிக்கு வீட்டில் அம்மா.

ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். டி.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது. பழைய பள்ளியில் எமிஸ் கம்ப்யூட்டரில் பிள்ளையின் பெயரை விடுவித்து, காமன் பூல் என்று சொல்கிறார்களே, அதில் போட வேண்டும். அப்போதுதான் புதுப் பள்ளியில் எடுக்க முடியும். எங்களுக்கு ஊர் டீச்சர் டி.சி. கொடுத்த அன்றே செய்துவிட்டதால் அலைச்சல் இல்லை. ஆதார், சாதிச் சான்றிதழ், பழைய மார்க் சீட் எல்லாம் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்து ஒன்றரை மாசம் ஆகிறது. முதல் வாரம் போனில் அழுதாள். ஆட்டுக்குட்டி பேரைச் சொல்லி, அது பால் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு அழுதாள். ரெண்டாவது வாரம் அழவில்லை. அவள் கிளாஸில் தேனிப் புள்ளை இருக்கிறது, திருநெல்வேலிப் புள்ளை இருக்கிறது, ஒடிசாவிலிருந்து வந்து நம்மைப் போலவே தமிழ் பேசுகிற புள்ளையும் இருக்கிறது. “பாதிப் பேரு எங்களாட்டத்தான்ப்பா, எங்கிருந்தோ வந்தவங்க” என்கிறாள். அந்த ஒடிசாப் புள்ளைக்கு இவள் கணக்கு சொல்லித் தருகிறாளாம். அது இவளுக்கு இந்தி சொல்லித் தருகிறதாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூட்டமான கிளாஸில் சந்தேகம் கேட்க வாய்ப்பு குறைவு என்கிறாள். இங்கிலீஷுக்கு டியூஷன் வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. பதினொன்றாவதில் எந்தக் குரூப் என்று அடுத்த கேள்வி காத்திருக்கிறது.

நான் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறேன். தாராபுரத்தில் மாறித் திருப்பூர் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட வேண்டும். ஆடிக் காத்தில் இந்த வாரம் முருங்கையில் ரெண்டு மரம் கிளை முறிந்துவிட்டது. கீழே கிடந்த காயில் நல்லதாகப் பொறுக்கிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். லைன் வீட்டுக்காரர்கள் நாலு பேருக்கும் ஆகும்.