வலை விரியும் மணல்

சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பு பெரும்பாலும் மனிதச் செயலின் விளைவே. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகத்தின் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால், தெற்கே கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் குடியிருப்புகளை அரித்தது. மணலைச் சுமந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைக் கரை மீனவர் 'தெண்டி' என்றும், எதிர்த்திசையில் ஓடுவதை 'வண்ணி' என்றும் வழங்குவர்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே நடக்கும் பயணிக்கு நொச்சிக்குப்பத்தில் கடற்கரையின் இயல்பே மாறிவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகள் காலையில் கரையேறுகின்றன. ஏலம் விரைவில் முடிந்து, மீன் பெண்களின் கூடைக்குப் போய்விடுகிறது. அதன்பின் நிகழும் வலை செப்பனிடும் வேலையே கூர்ந்து நோக்கத்தக்கது.

இறாலுக்கும் நண்டுக்கும் விடப்படும் 'டிஸ்கோ வலை', பெரிய கண்களையுடைய இரு வலைகளுக்கிடையே சிறுகண் வலையொன்றைக் கோத்த மூவடுக்கு வலையாகும். பெயர் ஏட்டுத் தமிழுக்கு ஒவ்வாததாயினும் கரையில் அதற்கு அதுவே பெயர். சிக்கிய நண்டு தானும் அறுக்கும், அதை விடுவிக்கும் கையாலும் வலை அறுபடும். கடலுக்குச் செல்வதை நிறுத்திவிட்ட முதியவர்களே பெரும்பாலும் செப்பனிட அமர்கின்றனர். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, அறுந்த இழைகளைக் கத்தியால் கழித்து, கிழிசலை முதலில் பெரிதாக்குகின்றனர். பின்னரே, நடுநாக்கில் நூல் சுற்றிய தட்டையான வலை ஊசி கண்ணுக்குக் கண் முடிச்சிட்டுச் செல்கிறது. கண்ணின் அளவைக் காட்டுவது விரல்தான். 'தங்கூசி' எனப்படும் ஒற்றையிழை நைலான் வழுக்கும் தன்மையதாதலால், முடிச்சு ஒவ்வொன்றும் சுண்டி இறுக்கப்படுகிறது.

புதுவலைக்குக் கடன் வாங்கினால், கடன் கொடுத்த வணிகருக்கே மீனை விற்க வேண்டிய கட்டு வந்துசேரும். ஆதலால் பழைய வலையைத் தைத்துத் தைத்து ஓட்டுவது சிக்கனம் மட்டுமன்று, விலைபேசும் உரிமையைக் கைவிடாதிருக்கும் வழியுமாகும். அதற்கு வலையை நீளமாக விரிக்கும் மணல் வேண்டும். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீன் உலர்த்தும் களத்தோடு வலை பழுதுபார்க்கும் களத்தையும் மீனவர்க்கு வேண்டிய வசதியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எனினும் 2023 ஏப்ரலில் இங்குள்ள லூப் சாலையோர மீன்கடைகள் வழக்குக்கு உள்ளானபோது, பேச்சு பெரிதும் போக்குவரத்தையும் விற்பனையையும் சுற்றியே நடந்தது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மீன் அங்காடியும் விற்பவர்க்குரிய ஏற்பாடே.

மாலையில் காற்று வாங்க வருவோர் இப்பக்கம் கால் வைக்கும் வேளையில், வலைகள் மடிக்கப்பட்டுப் படகுகளுக்குள் சென்றுவிடுகின்றன. அறுத்துக் கழித்த தங்கூசித் துணுக்குகள் மட்டும் மணலில் மின்னுகின்றன.