மாடு வற்றும் மாதத்தில் காசிப் பயணம்

அரசு வேலையில் இருப்பவருக்கு 60 வயதில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். அதே வீட்டில் 30, 35 வருடமாக விடிகாலை எழுந்து மாட்டைக் கறந்து, தொழுவம் கூட்டி, தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்ட மனைவிக்கு மறுநாளும் அதே வேலைதான். அவருக்கு ஓய்வு வயது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சாக்கோட்டை, கல்லல், புதுவயல் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பெரிய வீட்டில் இரண்டே பேர். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் கணவருக்கு ஆசை வரும். "வேன் ஒண்ணு வாங்கி, அதுலயே படுத்து எந்திரிச்சு, காசி வரைக்கும் போயிட்டு வருவோமா?" மனைவியின் பதில் பெரும்பாலும் இதுதான்: "போகலாங்க. மாட்டை யாரு கறப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பல பயணங்கள் பேச்சோடு நின்றுவிடுகின்றன.

வண்டியிலேயே தங்கிப் பயணம் போவது நமக்குப் புதிதில்லை. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கினார்கள். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி இன்றும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்தே போகிறது. வேல் மாட்டு வண்டியில் முன்னே செல்கிறது. காவடி செலுத்திவிட்டு நடந்தே திரும்புகிறவர்களும் உண்டு.

அண்டை மாநிலமான கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. அதே கேரளத்தில், கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பலரும் அறிவார்கள். தினமும் 300 ரூபாய் ஒதுக்கி, மீதிக்குக் கடன் வாங்கிப் பயணம் போவார்கள். திரும்பி வந்து டீ விற்றுக் கடனை அடைத்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள். இப்படியே 26 நாடுகள் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அப்போது அவருக்கு வயது 71. நாளை போகலாம், அடுத்த வருடம் போகலாம் என்று அவர்கள் தள்ளிப்போட்டிருந்தால் அந்த 26-ல் பாதிகூடப் பார்த்திருக்க முடியாது.

டீக்கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம். மாட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஆனால் மாட்டுக்கும் ஓய்வுக் காலம் உண்டு. கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறப்பதை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாடு ஓய்வெடுக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் வீட்டு அம்மாவும் வெளியே போக முடியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆனிக் கடைசியில் சினை ஊசி போட்டுப் பிடித்துவிட்டால், சித்திரைத் தொடக்கத்தில் கன்று ஈனும். மாசி பிறந்ததும் பால் வற்றச் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் வீட்டில் இருந்து மடி வீங்குகிறதா, கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி மடிக்கு மருந்து ஏற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். மாசி நடுவில் கிளம்பி, பங்குனி 10 தேதிக்குள் திரும்பினால் ஈற்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். இடைப்பட்ட நாளில் கறக்கத் தெரியாதவர்கூடத் தீவனமும் தண்ணீரும் வைத்து மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டாரிடம் உரிய கூலி பேசி, தீவனத்தையும் மருத்துவரின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாடு நம் காலண்டரைப் பார்த்துப் பருவத்துக்கு வராது. தேதி தள்ளினால் பயணமும் தள்ளத்தான் வேண்டும்.

வயலுக்கும் அந்த மாதம் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து விளைந்த நெல், தை மாசிக்குள் களத்துக்கு வந்துவிடும். புது வைக்கோலும் போரில் இருக்கும். தென்னைக்குத்தான் தண்ணீர் கவலை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப் பாத்தி எடுத்து, 100 மட்டைகளை நார்ப்பகுதி கீழேயும் மேடான பகுதி மேலேயும் இருக்கும்படி பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. சொட்டுநீர் இருந்தால் வாரம் இரண்டு முறை குழாயடைப்பு பார்க்க ஓர் ஆள் போதும்.

இனி வழி. காரைக்குடியிலிருந்து காசி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். சிங்கம்புணரி, நத்தம் வழியே திண்டுக்கல் போய்விட்டால், பிறகு பழைய 7-ஆம் எண் நெடுஞ்சாலைதான். சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று அது போகிறது. வெளிச்சம் இருக்கும்போது மட்டும் ஓட்டுவது, நாளைக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போக 10 நாள், வர 10 நாள், காசியில் 4 நாள். மொத்தம் 24 நாள். மேலே போட்ட மாட்டுக் கணக்குக்குள் அடங்குகிறது. மாசி தாண்டினால் நாக்பூர் பக்கம் வெயில் தாங்காது.

வேனுக்குள் கட்டில், அடுப்பு என்று இஷ்டம்போல் மாற்றிக் கட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி வேண்டும். மடக்குக் கட்டிலும் மெத்தையும் போட்டுக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. சமையல் வண்டிக்கு வெளியே நடக்கட்டும். 55 வயது கடந்தவர்களின் ஓட்டுநர் உரிமம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மருத்துவச் சான்றும் தேவை. இரவில் பெட்ரோல் பங்க்கில் கேட்டு நிறுத்தினால் வெளிச்சமும் கழிப்பறையும் கிடைக்கும்.

விவசாயிக்கு இந்தச் சாலை கோயிலுக்குப் போகும் வழியோடு நிற்பதில்லை. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு, அனந்தபூரில் நம்மூர் போலவே மானாவாரியை நம்பிய நிலக்கடலைச் செம்மண், நாக்பூரில் ஆரஞ்சும் பருத்தியும் என்று வழியெல்லாம் நிறுத்திப் பேச ஆள் கிடைப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை வீட்டு அம்மாவும் சொல்லட்டும். மாட்டையும் மண்ணையும் அவருக்கும் தெரியும்.

வரும் ஆனியில் சினை ஊசி போடும்போது, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து 220 நாள் எண்ணினால் பால் வற்றச் செய்யும் நாள். அதற்குப் பக்கத்தில், இரண்டு வாரம் கழித்து, கிளம்பும் நாளையும் எழுதிவிடுங்கள்.