ஆரம்ப சூரத்தனம் நிலைக்குமா?

உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு அணி முதல் 13 ஆட்டத்திலும் வரிசையா ஜெயிக்குது. கோப்பை அவங்களுக்குத்தான்னு இப்பவே சொல்லிடலாமா? பாதிப்பேர் "ஆமா" என்பீங்க. மீதிப்பேர் "இதெல்லாம் ஆரம்ப சூரத்தனம்" என்பீங்க. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம். எங்க பி.டி. சார் மைதானத்தில் கோடு போட்டுக் காட்டினார். கிரிக்கெட் மாதிரியே மட்டையும் பந்தும் உண்டு. பக்கத்துக்கு 9 பேர். அங்கே பெரிய லீகில் 30 அணிகள் இருக்கு. ஒவ்வொரு அணியும் மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம் ஆடணும். அப்படின்னா 13 ஆட்டம் எவ்வளவு? 200 நாள் பள்ளியில் முதல் 16 நாள் போன மாதிரிதான்!

1987-ல் மில்வாக்கி புரூவர்ஸ் அணி முதல் 13 ஆட்டத்தையும் ஜெயித்தது. ஊரே கொண்டாடியிருக்கும். ஆனா மே மாதம் வரிசையா 12 ஆட்டம் தோத்தாங்க. கடைசியில் 91 வெற்றி, 71 தோல்வி. அவங்க பிரிவில் மூணாவது இடம்தான்.

2023-ல் டாம்பா பே ரேஸ் அணியும் 13-க்கு 13 ஜெயித்தது. ஆனா அந்த 13 ஆட்டத்தில் எதிரே ஆடிய நான்கு அணிகளுமே அந்த வருஷம் ஜெயித்ததை விடத் தோத்ததுதான் அதிகம். அப்புறம் ரேஸின் முக்கியமான பந்து எறிபவர்கள் மூணு பேருக்கு முழங்கையில் காயம். 99 ஆட்டம் ஜெயித்தும், அடுத்த கட்டத்தின் முதல் சுற்றிலேயே டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் தோத்து வெளியே போயிட்டாங்க.

இதைப் படிச்சதும் ஆரம்பத்தில் ஜெயிப்பதில் ஒண்ணுமே இல்லைன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

1984-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டத்தில் 35 ஜெயித்தது. அந்த வருஷக் கோப்பையும் அவங்களுக்குத்தான். ஆனா மீதி 122 ஆட்டத்தில் அவங்க 53 ஆட்டம் தோத்திருக்காங்க! சாம்பியனுக்கே அந்த வேகம் நிக்கல. எறிகிற கை களைச்சுப் போகும், அடிபடும், எதிராளியும் நம்ம ஆட்டத்தைக் கத்துக்குவான். வேகம் குறையத்தான் செய்யும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1982 அட்லாண்டா பிரேவ்ஸ் கதை. அவங்களும் முதல் 13-ஐ ஜெயித்தாங்க. மீதி 149 ஆட்டத்தில் 76 வெற்றி, 73 தோல்வி. ரொம்ப சாதாரணம்தானே? ஆனாலும் 89 வெற்றியோடு அவங்க பிரிவில் முதலிடம் வந்தாங்க. இரண்டாவது வந்த அணிக்கு 88. ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம்! அந்த 13-ல் இரண்டு குறைஞ்சிருந்தாலும் முதலிடம் கிடையாது. அடுத்த சுற்றில் தோத்தாங்க, அது வேற விஷயம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு கேட்பீங்க. இந்த வருஷம் முதல் இரண்டு மாதத் தேர்விலும் நான்தான் முதல் ரேங்க். போன வருஷம் அப்படி இல்லை. எங்க அப்பத்தா, "ஆரம்ப சூரத்தனம் ஆத்தா, அரைப்பரீட்சையில தெரியும்" என்று சிரிக்குது. அப்பா சிரிக்கல. பத்தாவதுக்கு மேல என்னை டவுனுக்குப் பஸ்ஸில் அனுப்புவதா என்பது என் மார்க்கைப் பார்த்துத்தான்னு சொல்லியிருக்காங்க.

எல்லாத் தேர்விலும் முதலாவதா வர முடியாதுன்னு எனக்கும் தெரியும். நடவு வரும், தம்பிக்குக் காய்ச்சல் வரும், கரண்ட் போகும். ஆனா ஜூன் மாதம் புரிஞ்சு படிச்ச காரணிப்படுத்துதல் என்னை விட்டு எங்கேயும் போகாது. பிரேவ்ஸ் அணியின் 13 வெற்றி மாதிரி அது என் கணக்கில் சேர்ந்தாச்சு.

மெதுவா ஆரம்பிக்கிறவங்களும் கவலைப்படாதீங்க. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 31 தோத்துட்டு, கடைசியில் கோப்பையையே வாங்கினாங்க.

அதனால் நான் கண்ட முடிவு இதுதான்: ஆரம்ப வேகம் நிலைக்காது, ஆனா ஆரம்பத்தில் சேர்த்தது நிலைக்கும். இனிமே யாராவது நல்லா ஆரம்பிச்சா, "பார்ப்போம்"னு சொல்லுங்க, தப்பில்ல. கூடவே "இதுவரைக்கும் ஜெயிச்சிருக்கே"ன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி