ரயில் ஓடாத மாதங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், அல்னா என்ற சிற்றூரின் காட்டோரமாக ஷீப்ஸ்காட் ரயில் நிலையம் இருக்கிறது. இரண்டடி அகலத் தண்டவாளம், சிறிய மர நிலையம், ஒரு பட்டறை, சில பெட்டிகள், இஞ்சின்கள். விஸ்காசெட், வாட்டர்வில் அண்ட் ஃபார்மிங்டன் ரயில்வே அருங்காட்சியகம் என்ற நீண்ட பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வருகிறவர்கள் டிக்கெட் வாங்கி, நீராவி இஞ்சின் இழுக்கும் பெட்டியில் காட்டுக்குள் போய்த் திரும்புகிறார்கள். அதுவே அருங்காட்சியகம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கும் போகிறார்கள். அங்கே நடக்கும் வேலைகளைக் கவனித்தபோது எனக்கு வேறொன்று உறுதியாயிற்று. ரயில் ஓடும் மாதங்கள் இந்த இடத்துக்கு வருமானமும் விளம்பரமும் தருகின்றன. இது உண்மையில் காத்துவரும் பொருள் ரயில் ஓடாத மாதங்களில்தான் இருக்கிறது. அந்தப் பொருள், பழுதுபார்க்கத் தெரிந்த கைகள்.

இந்தப் பாதையின் கதையே அதற்கு முதல் சான்று. 1895இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில், 1933 ஜூன் 15 அன்று ஓர் இஞ்சின் தடம்புரண்டதோடு நின்றுபோனது. பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். 1989இல் ஹாரி பெர்சிவல் என்பவர் இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, காட்டுக்குள் புதர் மண்டிய மண்மேடாகத்தான் பழைய பாதை கிடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அதிகம் எதுவும் இல்லை. ஆகவே தன்னார்வலர்கள் ஸ்லீப்பர் கட்டைகளை வரிசையாகப் போட்டு, தண்டவாளம் ஏற்றி, ஆணியடித்து, ஒரு ரயில்பாதையையே மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

கட்டியதோடு வேலை முடிவதில்லை என்பதை மெய்னின் குளிர்காலம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. உறைபனி தரைக்குள் ஆழமாக இறங்கும்போது மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரிகிறது. பாதை ஓரிடத்தில் மேலே எழும், அடுத்த சில அடிகளில் அப்படியே இருக்கும். வசந்தத்தில் பனி உருகியதும் எழுந்த இடம் சேறாகித் தொய்கிறது. இரண்டடி அகலப் பாதையில் ஒரு பக்கத் தண்டவாளம் கொஞ்சம் தாழ்ந்தாலும் பெட்டி நன்றாகவே சாயும். எனவே பருவம் தொடங்குமுன் பாதை முழுவதையும் நடந்தே பார்க்கிறார்கள். தாழ்ந்த இடத்தில் தண்டவாளத்தைத் தூக்கி, கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்துத் திணிக்கிறார்கள். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் நுட்பம். ரயில் ஏறினால் அந்த ஜல்லி எவ்வளவு அமுங்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்குக் கூடுதலாகத் தூக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் தண்டவாளத்தின் மேல் குனிந்து, கண்ணை மட்டமாக வைத்து நீளவாக்கில் பார்த்தே பள்ளத்தைச் சொல்லிவிடுகிறார். புதிதாக வந்தவர் அதே இடத்தில் குனிந்து பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அனுபவசாலியின் அருகில் நின்று சில பருவங்கள் கடப்பாரை பிடித்தால்தான் தெரியும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் தூரத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து கூட்டாகப் பாதை வேலை செய்வது இங்கே வழக்கம். தரை உறையாமலும், ரயில் ஓட்டத்துக்கு அதிக இடைஞ்சல் இல்லாமலும் இருக்கும் நாட்கள் அவை.

பட்டறையின் நாட்காட்டியும் வானிலையைப் பார்த்தே அமைகிறது. கடைசி ஓட்டம் முடிந்ததும் பாய்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காமல் வடித்தாக வேண்டும். உறைந்த நீர் வார்ப்பிரும்பையும் பிளக்கும். பிறகு மூடிகளைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றையும் உப்புப் படிவையும் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். நெருப்புப் பெட்டியின் இரட்டைச் சுவர்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாகச் சிறு சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். முறியாத தண்டு கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாக ஒலிக்கும். இதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியாது.

எதிர்த்துச் சொல்ல வலுவான வாதம் ஒன்று உண்டு. ஓடும் இஞ்சின் தேய்கிறது. தேய்ந்ததை மாற்ற மாற்ற, பழைய பொருளென்று எதுவும் மிஞ்சாது. பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டு அழிக்கிறீர்கள் என்று அருங்காட்சியகத் துறையினரே கேட்கிறார்கள். இங்குள்ள 9ஆம் எண் இஞ்சின் அதற்குப் பொருத்தமான உதாரணம். 1891இல் போர்ட்லாந்து கம்பெனி செய்த அந்த இஞ்சின், ரயில் நின்றபின் கனெக்டிகட் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பல பத்தாண்டுகள் கிடந்து, 1995இல் திரும்பி வந்தது. அதை ஓட்டப் புதிய பாய்லர் தேவைப்பட்டது. இழப்பு நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியிருந்து, அதன் பழைய பாகங்கள் வேறெங்கும் கிடைக்காத சான்று என்றால் அதைத் தொடாமல் வைப்பதே சரி. ஆனால் இஞ்சின் என்பது தேயத் தேய மாற்றப்படும் என்ற கணக்கோடு செய்யப்பட்ட பொருள். அது வேலையில் இருந்த காலத்திலேயே குழாய்களும் தாங்கிகளும் பலமுறை மாறியிருக்கும். அசையாமல் நிற்கும் இரும்பு அதன் உருவத்தைச் சொல்லும். அதைச் செய்தவர் எந்தச் சூட்டில் தட்டினார், எந்த ஒலியைக் கேட்டு நிறுத்தினார் என்பதைச் சொல்லாது. பாய்லர் கட்டியும் கழுவியும் பழகியவர்கள் இருப்பதால்தான், பழைய வடிவத்தைப் பின்பற்றி 11ஆம் எண் என்று முழுக்கப் புதிய இஞ்சினைச் செய்ய இந்தச் சிறிய இடம் துணிந்திருக்கிறது.

இதைவிட என்னைத் தடுத்து நிறுத்திய ஆட்சேபம் வேறு. கூலிக்காக, கொசுக்கடியிலும் குளிரிலும் பாதை வேலை செய்த அந்தக் காலத் தொழிலாளியின் உழைப்பை, விடுமுறையில் விரும்பி வருகிறவர் எப்படிக் காக்க முடியும்? காக்க முடியாது என்றே சொல்வேன். வேலை போய்விடுமோ என்ற பயம் தன்னார்வலருக்கு இல்லை. முதுகு வலித்தால் அவர் உட்காரலாம். அந்த வாழ்க்கையின் கடுமையை அருங்காட்சியகம் தன் சொற்களில் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தத் தொழிலாளியிடம் வறுமை மட்டும் இருக்கவில்லை, அறிவும் இருந்தது. கடின உழைப்பு என்ற பொதுப் பாராட்டுக்குள் அந்த அறிவு மறைந்துவிடுவதுதான் வழக்கம். அவர் செய்த கணிப்பு எவ்வளவு நுட்பமானது என்பது, படித்த பொறியாளர் ஒருவர் அதே கடப்பாரையைப் பிடித்துத் தடுமாறும்போது வெளிப்படையாகிறது. அந்தத் தொழிலாளிக்கு அதுவும் ஒரு மரியாதை.

அப்படியானால் அதிக நாட்கள் ரயில் ஓட்டி, அந்தப் பணத்தில் ஒப்பந்தக்காரரை வைத்துப் பழுதுபார்க்கலாமே என்று கேட்பது எளிது. மேற்பார்வைக்கும் கனமான இயந்திர வேலைக்கும் சம்பள ஆட்கள் தேவைதான், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் ஓட்டம் நீண்டால் கழுவுவதற்கும் கற்பிப்பதற்குமான நேரம்தான் முதலில் சுருங்கும். அந்த நேரம் எதற்குப் பயன்படும் என்பதற்கு ஒரு பாலமே உதாரணம். நியூ ஹாம்ப்ஷயரில் 1918இல் கட்டப்பட்டு, 2004இல் தீயில் சேதமான ஒரு மர ரயில்பாலத்தின் சட்டங்களைத் தச்சர்கள் சீரமைத்தார்கள். 2018இல் அது இந்தப் பாதையில் டிரவுட் புரூக் ஓடைமேல் வைக்கப்பட்டது. அதைத் தாங்கும் கரைகளும் அதுவரை போய்ச் சேரும் பாதையும் அவசரமில்லாத மாதங்கள் கையில் இருந்ததால்தான் உருவாயின. பருவம் முடிந்து கதவில் அறிவிப்புப் பலகை தொங்கும்போது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்பதைத்தான் நன்கொடை தர நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டும்; டிக்கெட் விற்பனைக் கணக்கு அதன் பிறகு வரட்டும்.