பக்கத்து சீட்டில் யார்?

அமெரிக்காவில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனியாக நாவல் எழுதுகிறார்கள். 'மிடில் கிரேடு' என்று பெயர். டிராகன், மந்திரக்கோல் சமாச்சாரமெல்லாம் ஒரு பக்கம். பள்ளிக்கூடம், சாப்பாட்டு மேஜை, சண்டை, சமாதானம் என்று அன்றாட வாழ்க்கையை அப்படியே எழுதுபவை இன்னொரு பக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையும் நண்பர்களாகும் கதைகள் இதில் ஏராளம். பாதிக்கு மேல் முதல் பத்துப் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடும். வெள்ளைக்காரப் பையன் கேலி செய்வான், அப்புறம் திருந்துவான். அவ்வளவுதான்.

சாரா வீக்ஸும் கீதா வரதராஜனும் சேர்ந்து எழுதி 2016-ல் வந்த 'சேவ் மீ எ சீட்' இந்த வாய்ப்பாட்டுக்கு அடங்காத புத்தகம். (தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எனக்கும் ஒரு இடம் போட்டு வை'. பஸ்ஸில் துண்டு போடுகிறவர்களுக்கு உடனே புரியும்.)

பெங்களூரிலிருந்து நியூஜெர்சிக்கு வந்து ஐந்தாம் வகுப்பில் சேர்கிறான் ரவி. சைவம். வீட்டில் தாத்தா பாட்டியை பெரிப்பா, பெரிம்மா என்று கூப்பிடுகிற குடும்பம். ஊரில் அவன்தான் கெட்டிக்காரன். இங்கே டீச்சருக்கு அவன் பேசுகிற ஆங்கிலமே புரியவில்லை, தனி உதவி வேண்டும் என்று வேறு ஒரு டீச்சரிடம் அனுப்பிவிடுகிறார்கள். அதே வகுப்பில் ஜோ. காது நன்றாகக் கேட்கும், ஆனால் இரைச்சலில் எந்தச் சத்தத்தைக் கவனிப்பது என்று மூளையால் பிரிக்க முடியாது. அதனால் அவனுக்கு மந்தம் என்று பெயர். போதாததற்கு அவன் அம்மாவே பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளை மேற்பார்வை பார்க்க வேலைக்கு வந்துவிடுகிறார். பாவம்!

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்தே நாள் கதை. ஒரு அத்தியாயம் ரவி சொல்ல, அடுத்ததை ஜோ சொல்கிறான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இரட்டைப் பதிவு கணக்கு ஞாபகம் வரும். ஒரே சம்பவம் இரண்டு பக்கமும் ஏறுகிறது. ஆனால் வாரத்தின் பெரும்பகுதி இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதுகூட இல்லை.

ரவியைப் படுத்துகிறவன் வெள்ளைக்காரன் இல்லை. டில்லன் என்கிற இந்திய வம்சாவளிப் பையன், அமெரிக்காவிலேயே பிறந்தவன். தன்னைப் போலவே இருக்கிறானே என்று ரவி அவனைத்தான் நண்பன் என்று நம்புகிறான். அவன் சிரிப்பதைக்கூட நட்பு என்றே எடுத்துக்கொள்கிறான். படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத்தான் தெரியவில்லை. நிறத்தையும் ஊரையும் பார்த்து ஆள் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதைவிட வலிக்கிற இடம் பின்னால் வருகிறது. பெங்களூர்ப் பள்ளியில் தானும் தன் கூட்டாளிகளும் ஒரு பையனை இதேபோல் கேலி செய்து சிரித்தது ரவிக்கு உறைக்கிறது. அங்கே அவன்தான் டில்லன். பாதிக்கப்பட்ட பிள்ளையை வெறும் நல்ல பிள்ளையாக விட்டுவிடாத அந்த நேர்மை பெரியவர்களுக்கான நாவல்களிலேயே அபூர்வம்.

சாதியா ஃபரூக்கியும் லாரா ஷோவனும் எழுதிய 'எ பிளேஸ் அட் தி டேபிள்' (2020) நாவலிலும் இந்த நேர்மை கொஞ்சம் உண்டு. பாகிஸ்தானியக் குடும்பத்து சாராவும் யூதப் பெண் எலிசபெத்தும் சமையல் வகுப்பில் சேர்கிறார்கள். இரண்டு பேரின் அம்மாக்களும் அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஒருவர் பாகிஸ்தான்காரர், இன்னொருவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் 'வெளியாள்' என்ற பார்வை சாரா மீதுதான் விழுகிறது. அப்போது எலிசபெத் வாய் திறப்பாளா, மாட்டாளா என்பதுதான் அந்த நட்புக்கான பரீட்சை.

'சேவ் மீ எ சீட்'டில் ஒரு குறை உண்டு. டில்லனுக்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை, கடைசிவரை வில்லனாகவே போகிறான். ஊரிலிருந்து புதிதாக வந்தவனைப் பார்த்ததும் அங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஏன் அத்தனை எரிச்சல்? அவனைத் தன்னோடு சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயமா? ரவிக்கும் ஜோவுக்கும் கொடுத்த இடத்தில் பாதியை அவனுக்கும் கொடுத்திருக்கலாம்.