கல் இல்லை

விடிகாலையில் இடது விலாவுக்குக் கீழே அந்த வலி வந்தது. தர்மபுரியில் இப்படியொரு வலிக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. கல். ஆழ்கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பையும் வளைத்த ஊர். 2013இல் ஒகேனக்கல் காவிரி குழாயில் வந்த பிறகும் பழி தண்ணீர்மேல்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார். "இந்தத் தண்ணிக்குக் கல்லு வராம என்ன செய்யும், தம்பி?" முதலில் பார்த்த டாக்டரும் அதையே வேறு பாஷையில் சொன்னார். ஸ்கேனில் கல் தெரியவில்லை. "விழுந்திருக்கும்" என்றார். நானும் நம்பினேன்.

வலி போகவில்லை. என்றுமே இல்லாத ரத்த அழுத்தம் 180ஐத் தொட்டது. மூன்றாம் நாள் தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் கேட்டார்: கல் இல்லையென்றால் வலி எதற்கு? சாய மருந்து இல்லாமல் எடுக்கும் சி.டி. கல்லைக் காட்டும், ரத்தக் குழாய்க்குள் நடப்பதைக் காட்டாது. கையில் சாயம் ஏற்றி மறுபடி எடுத்தார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் தமனி 5, 6 மில்லிமீட்டர் அகலம். சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து ஒரு பொய்ப்பாதை உண்டாக்கியிருந்தது. அது வீங்க, மெய்ப்பாதை குறுகிவிட்டது. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதி ஆப்பு வடிவில் இருண்டிருந்தது. அந்தத் துண்டு செத்துவிட்டது.

ரத்தம் உறையாதிருக்க முதலில் ஹெபாரின், பிறகு மாத்திரை. அழுத்தத்துக்கு வேறு மாத்திரை. இவற்றுக்கு அடங்காவிட்டால்தான் ஸ்டென்ட் என்றார். அடி பட்டதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் குழாய் நோய் உண்டா என்று விசாரித்தார். இல்லை. தமனியின் மற்ற இடங்களிலும் கோளாறு தெரியவில்லை. கடைசியில் எழுதினார்: தன்னிச்சையான கிழிசல்.

தமனிக்கு ஏது இச்சை? அது காரணத்தின் பெயரல்ல. தேடியும் காரணம் அகப்படவில்லை என்பதன் பெயர். 20 வருஷமாகப் பிறர் கவிதைகளுக்குக் காரணம் சொல்லி எழுதியவன் நான். ஊர், ஜாதி, வறட்சி என்று ஏதாவதொன்று கைவசம் தயாராக இருக்கும். கவிதையில் அது தென்படாவிட்டால், எங்கோ விழுந்திருக்கும் என்று மேலே எழுதிப் போவேன். அந்த இளைஞர் தெரியவில்லை என்று எழுதுமுன் சாயம் ஏற்றிப் பார்த்தார். நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

முதல் டாக்டர்மேல் கோபம் வருகிறது. மூன்று நாள் முந்தியிருந்தால் அந்தத் துண்டு பிழைத்திருக்குமோ என்னவோ. ஆனால் நான் கவிதை படித்த மாதிரிதான் அவர் என்னைப் படித்திருக்கிறார்.

பெரியவர் நேற்றும் சாறு கொண்டுவந்தார். கல் இல்லை என்றேன்.

"அப்ப கரைஞ்சிருச்சு" என்றார்.