எங்கள் வீட்டு ரிப்பீட்டர்

புதுச்சேரியில் எங்களுடையது கனத்த சுவர் வைத்த பழைய வீடு. கூடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. பேசுவதென்றால் மொட்டை மாடிதான். சென்ற ஆண்டு ஓர் இரவு மனைவிக்கு மூச்சுத் திணறியபோது, அவளைத் தனியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடித்தான் 108-ஐ அழைத்தேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

இதைக் கேட்ட மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஒரு ரிப்பீட்டர் கொண்டுவந்தார். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் 'ரெப்பெத்தே!' என்று அதட்டினால், அவர் சொன்னதை உரக்கத் திருப்பிச் சொல்வோம். இந்தப் பெட்டிக்கும் அதே வேலை. மாடி ஆன்டெனா டவரின் அலையை வாங்கும், பெட்டி பெருக்கும், கூடத்து ஆன்டெனா பரப்பும். நாம் பேசுவதும் அதே வழியில் டவருக்குத் திரும்பும்.

முதலில் இரண்டையும் அருகருகே வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கி முன் மைக்கை நீட்டினால் ஊளையிடுமே, அந்தக் கதைதான். தள்ளி வைத்து, பெருக்கத்தையும் குறைத்ததும் பச்சை வந்தது.

எதிர்வீட்டுத் தம்பி தொலைத்தொடர்பு வேலையில் இருப்பவர். "ஐயா, லைசென்ஸ் இல்லாம இதை வைக்கக் கூடாது. டவருக்கே இரைச்சல் போகும், தெருவுல மத்தவங்க பேச்சு அறுந்துபோகும்" என்றார். இந்தியாவில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இதற்கு அனுமதி வேண்டும். லைசென்ஸ் இல்லையென்று எத்தனை பேர் மனுவை நானே திருப்பியிருப்பேன்! அன்றே கழற்றினேன்.

அந்தத் தம்பியே போனில் வைஃபை காலிங்கை இயக்கிக் கொடுத்தார். மின்வெட்டை நினைத்து ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைத்தோம். இனி மகளையோ டாக்டரையோ அழைக்க, மனைவியின் பக்கத்தைவிட்டு நான் எழ வேண்டியதில்லை.